பைக்கில் தூக்கிப் போக எந்த செயின்சா?

காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், தோட்டத்தை வாங்கிப் போட்டுவிட்டு சனி ஞாயிறு மட்டும் மேலே ஏறுகிறவர்கள், மண்ரோட்டில் வண்டி ஓட்டுவதற்காகவே வருகிறவர்கள் என மூன்று விதமான ஆட்களிடமிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் பாதையில் விழுந்து கிடக்கிற மரத்தை அறுத்து ஒதுக்க, பைக்கிலேயே வைத்துக்கொண்டு போகிற மாதிரி எந்த மிஷின் வாங்கலாம்? கடைக்காரரிடம் கேட்டால் சிசி பேசுவார். யூடியூபில் பார்த்தால் வோல்ட் பேசுவார்கள். எத்தனை அடி அகலத்துக்கு வழி வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை.

ஜீப் போக வேண்டும் என்றால் ரோட்டின் முழு அகலத்துக்கும் மரத்தைத் துண்டு போட்டு உருட்டித் தள்ள வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், பெரிய மிஷினும் வேண்டும். பைக்குக்கு மூன்றடி, தாராளமாகப் போனால் நாலடி. அதுவும் ரோட்டின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மரம் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் திறந்தால் போதும். மேட்டுப்பக்கமிருந்து விழுந்த மரத்துக்கு அடிமரம் மேட்டில் கிடக்கும், நுனிப்பக்கம் பள்ளத்தில் தொங்கும். ரோட்டின் ஒரு ஓரத்தில் பன்னிரண்டு அங்குலம் இருக்கிற அதே மரம் மறு ஓரத்தில் எட்டு அங்குலமாகியிருக்கும்.

நாலு அங்குல வித்தியாசம் பார்க்கச் சின்னதுதான். ஆனால் ரம்பம் அறுப்பது விட்டத்தை அல்ல, பரப்பை. ஆறு அங்குலக் கட்டையில் அறுபடும் முகம் 28 சதுர அங்குலம், எட்டு அங்குலத்தில் 50, பன்னிரண்டில் 113. அதாவது விட்டம் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. கையில் இழுக்கிற ரம்பமானாலும் சரி, பேட்டரியானாலும் சரி, இந்தக் கணக்கில்தான் தோற்கும் அல்லது ஜெயிக்கும். உங்கள் பாதையில் ஒரு வருடத்தில் விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள், எது எங்கே எத்தனை அங்குலம் என்று. அந்தக் கணக்கு இல்லாமல் மிஷின் வாங்கினால் ஒன்று சுமக்க முடியாத மிஷின் வரும், இல்லையென்றால் அறுக்க முடியாத மிஷின் வரும்.

நான் சொல்லப்போவது கீழ்ப் பழனி மலைப்பக்கம், அதாவது வத்தலக்குண்டிலிருந்து ஏறினால் வருகிற தாண்டிக்குடி, பண்ணைக்காடு, அந்தப் பக்கம் கே.சி.பட்டி, பாச்சலூர் வரைக்குமான தோட்டப் பாதைகளை வைத்து. காபிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக், மிளகுக்கொடி ஏற்றுவதற்கு நட்ட கல்யாண முருங்கை, பலா, அங்கங்கே தைலமரம், ஓடைப்பக்கம் மூங்கில். வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி, அதன் மேல் காற்றும் அடித்தால் முதலில் சாய்வது பெரும்பாலும் சில்வர் ஓக்தான். நெட்டையாக, நேராக வளர்ந்தது, விழும்போதும் ரோட்டுக்குக் குறுக்கே கச்சிதமாக விழும். நல்ல காலம், அது அறுக்கச் சுலபமான மரம். கல்யாண முருங்கை அதைவிடப் பஞ்சு. ஆனால் தண்ணீரும் நாருமாக இருப்பதால் சின்ன மிஷின்களின் உறைக்குள் தூள் சகதியாக அப்பிக்கொள்ளும். பலா பால் ஒட்டும். தைலமரம் காய்ந்துவிட்டால் கல்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரிவாளும் கைரம்பமும். சிரிக்க வேண்டாம், பாதையில் வரும் தொந்தரவில் பாதிக்கு மேல் இதற்குள் முடிந்துவிடும். உன்னிச்செடி மூடிய பாதைக்கு செயின்சா கொண்டுபோனால் கொடி சுற்றிக்கொண்டு செயின் கழன்று நிற்கும், அரிவாள் நாலு வீச்சில் முடிக்கும். மூங்கிலுக்கும் அப்படித்தான், செயின்சா பற்கள் மூங்கிலைக் கிழித்துச் சிம்பு சிம்பாக்கும், வளைந்து விறைத்து நிற்கிற கழி எந்தப் பக்கம் அடிக்கும் என்றும் தெரியாது, கைரம்பத்தில் மெதுவாக அறுத்தால் அது தளர்வது கண்ணுக்குத் தெரியும்.

கைரம்பம் என்றால் தச்சர் வைத்திருக்கிற ரம்பம் இல்லை. பச்சை மரத்துக்கென்று பெரிய பல் வைத்த, இழுக்கும்போது வெட்டுகிற மடக்கு ரம்பம். ஜப்பான்காரர்களின் சில்கி இந்த வகையில் பேர்போனது. அதில் கோம்பாய் 240 மில்லிமீட்டர் வகை சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரியது, கட்டனாபாய் 500-க்கு வெட்டுகிற தகடு, அதாவது அலகு, மட்டுமே அரை மீட்டர் நீளம். இங்கே இறக்குமதி விலை வலிக்கும். உள்ளூரில் ஃபால்கன் மாதிரியான கவாத்து ரம்பங்கள் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றன, ஆறு அங்குலம் வரை அதுவே போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்த ரம்பங்களில் பலவற்றின் பல் நுனியைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள், அரம் போட்டால் அரம்தான் தேயும், மழுங்கினால் அலகை மாற்ற வேண்டும். எனவே அலகு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆறு அங்குல சில்வர் ஓக்கைக் கைரம்பத்தில் அறுப்பது ஒரு தண்ணீர் குடிக்கிற இடைவெளிகூட இல்லாமல் முடிகிற வேலை. எட்டு அங்குலத்தில் சட்டை நனையும். பத்துக்கு மேல் போனால் முடியும்தான், ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில் வேறு வேலை பார்க்க மாட்டீர்கள். கையால் இரு பக்கமும் இழுக்கிற சங்கிலி ரம்பம் என்று சின்ன டப்பாவில் விற்கிறார்களே, அது கட்டைக்கு அடியில் சங்கிலியை நுழைக்க இடமிருந்தால்தான் உதவும். தரையில் ஒட்டிக் கிடக்கிற மரத்துக்கு அடியில் எங்கே நுழைப்பது? எனக்கு அதில் நம்பிக்கையில்லை, கடந்துபோகலாம்.

அடுத்தது இப்போது எல்லோர் கண்ணிலும் படுகிற மினி செயின்சா, நாலு அங்குலம், ஆறு அங்குலம், மூவாயிரம் ரூபாய் சுமாரில், பெட்டிக்குள் இரண்டு பேட்டரி, சார்ஜர், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு. மச்சான் ஒருவர் இதை வாங்கிக்கொண்டு வந்து, "எண்பத்தெட்டு வோல்ட் மாப்ள, பெட்ரோல் மிஷின் தோத்துரும்" என்றார். பேட்டரியின் நாலு ஸ்குருவைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஐந்து செல், பச்சை நிற உறை, நடுவில் ஒரு சின்ன போர்டு. லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 21, ஓடும்போது 18. எண்பத்தெட்டு எங்கிருந்து வரும்? ஸ்டிக்கரில் இருந்துதான். வெளியே 48 என்று போட்டாலும் 98 என்று போட்டாலும் அந்த அளவு டப்பாவுக்குள் ஐந்து செல்லுக்கு மேல் இடமில்லை.

அதற்காக அது வேஸ்ட் என்று சொல்லவில்லை. மூன்று அங்குலக் கிளைகளைப் பட்பட்டென்று எடுக்கும். ஒரு கிலோ சொச்சம் எடை, பைக்கின் டேங்க் பேக்கில் கிடக்கும். ஆனால் நாலு அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற தட்டு, என்றால் உண்மையில் மூன்று, மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் இறங்காது, பாரின் அடிப்பகுதியை உறை தின்றுவிடும். பெரும்பாலானவற்றில் செயினுக்குத் தானாக எண்ணெய் ஊற்றும் பம்ப் கிடையாது, நாமே சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும், மறந்தால் பார் நீலம் பாரித்துவிடும். முக்கியமாக, அந்த அளவுக் கிளைக்குக் கைரம்பமே போதும். அப்படியென்றால் இது எதற்கு? ஒரு பெரிய மரத்தின் கொண்டை முழுக்க ரோட்டில் கிடக்கிறது, நாற்பது கிளை எடுக்க வேண்டும், அன்றைக்குக் கையைக் காப்பாற்றும். இதே வகையில் நல்ல கம்பெனி பொருள் வேண்டுமென்றால் ஸ்டில் ஜி.டி.ஏ. 26 இருக்கிறது. 10 செ.மீ. பார், 10.8 வோல்ட் என்று உள்ளதை உள்ளபடி எழுதி விற்கிறார்கள், தயாரிப்பும் நன்று, ஆனால் வேலை அதே கிளை வேலைதான், எண்ணெயும் நாம்தான் விட வேண்டும்.

பேட்டரியில் உருப்படியான ஆட்டம் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. மகிட்டா, டீவால்ட் போன்றவர்கள் டிரில், கிரைண்டருக்குப் போடுகிற அதே 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் 8, 10 அங்குல பார் மிஷின்கள் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே அந்தக் கம்பெனி டிரில் வீட்டில் இருந்தால் மிஷினை மட்டும் வாங்கினால் போதும், அங்கே விலைக் கணக்கே மாறிவிடும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 18 பெருக்கல் 5, தொண்ணூறு வாட்-ஹவர். ஆறு அங்குலக் கட்டையில், ஈரமா காய்ந்ததா, செயின் கூரா என்பதைப் பொறுத்து இருபதிலிருந்து நாற்பது அறுப்பு எதிர்பார்க்கலாம். பன்னிரண்டு அங்குலமானால் மேலே சொன்ன அதே கணக்குப்படி அது நாலில் ஒன்றாகிவிடும். ஆனால் பைக் வழி திறக்க ஒரு மரத்துக்கு இரண்டு அறுப்புதானே.

பேட்டரியின் பெரிய லாபம் சக்தி இல்லை. பைக்கில் படுக்கவைத்தாலும் பெட்ரோல் ஒழுகாது. டிரிக்கரை விட்டால் நின்றுவிடும், நின்றதும் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, காட்டுமாடு சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு அறுப்புக்கும் நடுவில் காடு கேட்கிறது என்பது சௌகரியத்துக்காகச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் மிஷினை ஐட்லிங்கில் ஓடவிட்டுக்கொண்டு கிளையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன வந்தாலும் தெரியாது.

பெரிய குறையும் இந்த ஊரிலேயே இருக்கிறது. மரம் எப்போது விழுகிறதோ அப்போதுதான் கரண்டும் போகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனபோது கொடைக்கானல் மலை ரோடெல்லாம் மரம். மின்கம்பங்கள் போன இடத்தில் நாள்கணக்கில் இருட்டு. அந்த மாதிரி வாரத்தில் ஒரு பேட்டரி தீர்ந்துவிட்டால் அது வெறும் கனமான பிளாஸ்டிக். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி பைக்குகளில் இருக்கிற யுஎஸ்பி போனுக்குத்தான் ஆகும், 18 வோல்ட் சார்ஜருக்கு ஆகாது. எனவே பேட்டரி என்று முடிவு செய்தால் இரண்டு வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டையும் முழுக்க ஏற்றி வைக்க வேண்டும். மற்ற மாதங்களில் பாதி சார்ஜில் வைத்தால் ஆயுசு நீளும்.

இப்போது பெட்ரோல். நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற, மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கிற சின்ன மிஷின் என்றால் ஸ்டில் எம்.எஸ். 170, 180. முதலாவது 30 சிசி, இரண்டாவது கிட்டத்தட்ட 32. இரண்டுமே பாரும் பெட்ரோலும் இல்லாமல் நாலு கிலோவை ஒட்டிய எடை, கால் லிட்டர் டேங்க். இரண்டுக்கும் நடுவில் நான் 180 பக்கம். எடையில் வித்தியாசமே இல்லாதபோது கொஞ்சம் கூடுதல் இழுவையை ஏன் விட வேண்டும். ஹஸ்க்வர்னா 120 மார்க் டூ 38 சிசி, ஏறக்குறைய ஐந்து கிலோ. நல்ல மிஷின், வீட்டுப் பக்கத்து வேலைக்கு. பைக்குக்கு அந்தக் கூடுதல் கிலோ தேவையில்லை.

கால் லிட்டர் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு போட்டேன். லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோவாட்-ஹவர் சக்தி, அதில் இந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் செயினுக்குக் கொடுக்கும், மீதி சூடும் புகையும். அப்படியும் ஒரு டேங்க் என்பது மேலே சொன்ன 18 வோல்ட் பேட்டரி ஐந்துக்குச் சமம். அரை லிட்டர் பாட்டிலில் கலந்து எடுத்துப் போனால் இன்னும் பத்து. கரண்ட் இல்லாத வாரத்தில் இதை எந்த பேட்டரியும் எட்டாது.

ஆனால் அந்தக் கலவையில்தான் இப்போது வினை. ஸ்டில்லின் சொந்த எண்ணெய் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, மற்ற சாதாரண டூ-ஸ்ட்ரோக் (டூ-டி) எண்ணெய் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. அது எளிது. பெட்ரோலில் என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பெட்ரோல் பங்கில் இப்போது வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால். ஸ்டில்லின் கையேடோ, கையால் திருகி டியூன் செய்யும் கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ள பெட்ரோல் வேண்டாம் என்கிறது. எம்.எஸ். 170, 180 இரண்டும் அந்த வகைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மலையில் மழைக்காலத்தில் பாதி நிரம்பிய பாட்டிலில் அது நன்றாகவே இழுக்கும். ரப்பர் டயாஃப்ரம், பெட்ரோல் குழாய் எல்லாம் உப்பும், விறைக்கும். என்ன செய்வது என்றால், மாதக்கணக்கில் கலந்து வைக்கக் கூடாது. தேவைக்குக் கொஞ்சமாகக் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக அணையும் வரை ஓடவிட்டு கார்புரேட்டரை உலர்த்திவிட வேண்டும். வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கிற மிஷினுக்கு இதைச் செய்யாவிட்டால், புயலுக்கு மறுநாள் காலையில் கயிறை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் போகும்.

டாப் ஹேண்டில் என்று ஒரு வகை உண்டு, கைப்பிடி மிஷினின் தலையிலேயே இருக்கும். எக்கோ சி.எஸ். 2511 இந்த வகைதான், 25 சிசி, 2.3 கிலோ, பெட்ரோல் மிஷினில் இவ்வளவு இலேசாகக் கிடைப்பது அபூர்வம். பைக்கில் வைக்க இதைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. இருந்தும் நான் சொல்ல மாட்டேன். மரமேறி, கயிற்றில் தொங்கிக்கொண்டு அறுக்கிற தேர்ந்த ஆட்களுக்காகச் செய்தது. இரண்டு கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பார் உதைத்து எழும்பும்போது தடுக்கிற பிடிமானம் குறைவு, அதைவிட, ஒரு கையால் பிடித்து இன்னொரு கையால் கிளையைப் பிடிக்கச் சொல்லி அதன் உருவமே ஆசைகாட்டும். பேட்டரியில் வருகிற சில மிஷின்களும் இதே உருவம்தான், அங்கேயும் இதே எச்சரிக்கை.

இணையத்தில் ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய்க்கு 58 சிசி, 22 அங்குல பார் என்று வருவதைப் பற்றி ஒரு வரி: பைக்குக்கு வேண்டாம். எடையும் நீளமும் மட்டுமே காரணமாகப் போதும்.

எங்கே கட்டுவது? இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இந்த வேலைக்கு எக்ஸ்பல்ஸைவிட டிவிஎஸ் எக்ஸ்எல் 100 தான் ராஜா. காலுக்கு நடுவில் தட்டையான இடம், மிஷினை நிமிர்த்தியே வைக்கலாம், பாருக்கு உறை போட்டு முன்பக்கம் பார்க்கவைத்து, சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்த ரப்பர் கயிறால் இரண்டு சுற்று. நிமிர்ந்து இருந்தால் எண்ணெய் ஒழுகல் குறையும். படுக்கவைத்தால் எல்லா மிஷினும் பார் ஆயிலைக் கசியும், அது பழுதில்லை, அதன் சுபாவம். பெரிய பைக்கில் என்றால் பின் கேரியரில் மட்டப்பலகை ஒன்றைப் பூட்டி அதன் மேல், பார் குறுக்கே நீட்டாமல் நீளவாக்கில். குறுக்கே நீட்டினால் ஒத்தையடிப் பாதையில் காபிச் செடி ஒவ்வொன்றும் வணக்கம் வைக்கும். முதுகுப் பையில் மட்டும் வேண்டவே வேண்டாம். மண்ரோட்டில் விழுவது சகஜம், நாலு கிலோ இரும்பின் மேல் முதுகெலும்பு விழுவது சகஜமல்ல. முதுகுக்கு ஏற்றது மடக்கு ரம்பம் மட்டுந்தான்.

பெட்ரோல் மிஷினை அணைத்த உடனே பையில் திணிக்கவும் கூடாது, சைலன்சர் ஆற நேரம் வேண்டும். கலவையை இரும்பு அல்லது அலுமினிய பாட்டிலில் வையுங்கள், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அல்ல.

பார் நீளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் நீளமாகக் கேட்கிறார்கள். எம்.எஸ். 180-க்கு 12, 14, 16 அங்குல பார் போடலாம். பைக்குக்குப் பன்னிரண்டு. பத்து அங்குலத்துக்கு மேல் இருக்கிற மரத்தை இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் பதினெட்டு வரைக்கும்கூட சமாளிக்கலாம். குட்டை பாரில் செயின் குட்டை, கூர் தீட்ட வேண்டிய பல் குறைவு, கட்ட இடம் குறைவு. நுனி எங்கே இருக்கிறது என்பதும் கண்ணில் இருக்கும். அந்த நுனியின் மேல்பக்கக் கால்வாசி எதிலாவது பட்டால்தான் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். கிளைக் குவியலுக்குள் பதினாறு அங்குல பாரின் நுனி எதைத் தொடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

எந்த மிஷினானாலும், விழுந்த மரத்தை அறுப்பது நிற்கிற மரத்தை அறுப்பதைவிடச் சுலபம் என்ற நினைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். எங்கள் பக்கம் மரம் அறுக்கிற அண்ணன் ஒருவர் எப்போதும் சொல்வது: "தம்பி, மரம் எங்க உக்காந்திருக்குன்னு பாக்காம வாள வைக்காதீங்க." இரண்டு முனையும் மேட்டில் உட்கார்ந்து நடு தொங்கினால், மேலிருந்து அறுக்க அறுக்க வெட்டு வாய் மூடும். தூள் வெளியே பறப்பது குறையும், வெட்டுக் கோடு நூல் மாதிரி மெலியும், மோட்டார் சத்தம் தாழும், அடுத்த நொடி பார் சிக்கும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை வெட்டு வாயில் தட்டி வைக்க வேண்டும், அல்லது மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து மேலே வர வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறு முனை அந்தரத்தில் நின்றால் எல்லாம் தலைகீழ், முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். அடிமரத்தை அறுத்ததும் மண்ணோடு தூக்கி நிற்கிற வேர்த்தூர் சடாரென்று பழைய குழிக்குள் நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது, பைக்கும் நிற்கக் கூடாது. பைக் வழிக்குத் தூர்ப்பக்கம் போகவே தேவையில்லை, நுனிப்பக்கம் போங்கள்.

பைக் ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் போட்டிருக்கிறோமே என்று நினைப்பார்கள். செயின்சா பேன்ட்டுக்குள் நீளமான இழைகள் இருக்கும், செயின் பட்டதும் அவை இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்தும். பைக் பேன்ட்டில் இருக்கிற பிளாஸ்டிக் அப்படி எதையும் செய்யாது. முழு பேன்ட் பாரமென்றால் முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்கிற கால் உறை உண்டு, சுருட்டினால் மழைக்கோட்டு அளவுதான்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மலைப்பகுதியில் நிற்கிற மரத்தை வெட்ட, அது பட்டா நிலமே ஆனாலும், 1955-ம் ஆண்டின் மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கொடைக்கானல் மலையில் பெரும் பரப்பு 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். காட்டுக்குள் இருக்கிற பாதையில் விழுந்த மரம் வனத்துறையின் சொத்து, அதைத் தொடாமல் ரேஞ்சர் ஆபீசுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் முறை. பைக்கின் பின்னால் செயின்சாவைக் கட்டிக்கொண்டு செக்போஸ்ட்டில் நின்றால் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். விழுந்தது ஈட்டியோ சந்தனமோ என்றால் உங்கள் சொந்தத் தோட்டமானாலும் கை வைக்காதீர்கள். ஆக, காட்டுப்பாதையில் சும்மா வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: மிஷினே வேண்டாம், ஒரு மடக்கு ரம்பம் போதும், அதுவும் பொதுரோட்டில் கிளை கிடந்தால் ஒதுக்கத்தான்.

வார இறுதித் தோட்டக்காரர்களுக்கு, கையில் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே கம்பெனியின் 10 அங்குல மிஷின், இரண்டு பேட்டரி, கூடவே கைரம்பம். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் எடுத்த அன்றே ஓடும் என்பதுதான் இவர்களுக்குத் தேவையான ஒரே குணம். டிரில் இல்லாதவர்கள் பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் எம்.எஸ். 180 விலையைத் தாண்டிப் போகலாம், அப்போது எது என்பது உங்கள் மரத்தைப் பொறுத்தது. பத்து அங்குலத்துக்குள் என்றால் அப்போதும் நான் பேட்டரிதான் சொல்வேன்.

தோட்டத்திலேயே இருப்பவர்கள், புயல் முடிந்த மறுநாள் காலையில் பால் வண்டிக்கு வழிவிட வேண்டியவர்கள், பன்னிரண்டு அங்குல பாரோடு எம்.எஸ். 180. வாரம் ஒரு தடவையாவது விறகுக்காவது ஓட்டுவார்கள் என்பதால் பெட்ரோல் தொல்லை அவர்களை அவ்வளவாகப் பிடிக்காது. மினி வேண்டுமானால் கிளைக்காக இரண்டாவதாக வாங்கட்டும், அதையே முதலாவதாக வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எதை வாங்கினாலும் அதே நாளில் செயின் இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள், வட்ட அரமும். எம்.எஸ். 170, 180 செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், கால் அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) உள்ள சின்ன செயின்களுக்கு 3.2. ரோட்டில் இழுபட்ட மரத்தின் பட்டையில் மண்ணும் சரளையும் அப்பியிருக்கும், அறுக்கும் இடத்தை அரிவாளால் செதுக்கிவிட்டு வையுங்கள். கடைசி அரை அங்குலத்தில் செயின் மண்ணைத் தொட்டுவிட்டால், மாவாக வராமல் துருவலாக வந்த தூள் மாவாக மாறிவிடும், அங்கேயே செயினை மாற்றிவிட்டு மழுங்கியதை வீட்டில் வந்து தீட்டிக்கொள்ளலாம்.